பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோது

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வாசிப்புக்கு உரியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்க, நான் ஒரு படக்கதை நூலை விரித்துப் படித்துக் காட்டினேன். நாடறிந்த ஒரு தலைவரின் சிறுவயதைச் சொல்லும் நூல் அது. முதல் பக்கத்தில் அந்தச் சிறுவன் தன் புதுச்சட்டையைக் கழற்றி ஓர் ஏழைப் பையனுக்குக் கொடுக்கிறான். அடுத்த பக்கத்தில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவன் ஒருவனே பதில் சொல்கிறான். இன்னொரு பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் மரத்தடியில் அமர்ந்து நாட்டைப் பற்றிச் சிந்திக்கிறான். அவனுக்கு வயது எட்டு.

படித்து முடித்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “இந்தக் கதையிலிருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?” வழக்கமான பதில்களே வந்தன. நல்லா படிக்கணும், உதவி செய்யணும், பொய் சொல்லக் கூடாது. கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்காமலே பேசினாள்.

“டீச்சர், இவங்கல்லாம் சின்னப் புள்ளையிலயே பெரிய ஆளு மாதிரிதான இருந்திருக்காங்க. நாங்க அப்படி இல்லையே?”

அவள் குரலில் வருத்தம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்கு அப்போது பதில் தோன்றவில்லை. மணி அடித்துவிட்டது. ஊக்கம் தரும் என்று நம்பி நான் எடுத்துவந்த நூல், ‘இது உனக்கான வழி இல்லை’ என்ற செய்தியை அவளிடம் சேர்த்திருந்தது. அன்று முதல் இவ்வகை நூல்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றையும், வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

செர்ரி மரத்தின் கதை

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக இருந்தபோது, தந்தையின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டினார், தந்தை கேட்டதும் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார் என்ற கதையை நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். உலகின் பல மொழிகளில் படக்கதையாக வந்திருக்கும் கதை இது.

இந்தக் கதைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டே மேசன் லாக் வீம்ஸ் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். முதல் பதிப்பில் செர்ரி மரம் கிடையாது. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது முதன்முதலாக முளைக்கிறது. வீம்ஸ் சொன்னதைத் தவிர வேறு சான்று எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. அவருடைய கதையில்கூடச் சிறுவன் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை, பட்டையைக் கொத்திக் காயப்படுத்துகிறான். மரம் விழுந்தது பின்னால் வந்த படங்களில்தான். பொய் சொல்லக் கூடாது என்று கற்பிப்பதற்காக ஒரு கற்பனையை உண்மை என்று சொல்லி இருநூறு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துவருகிறோம்!

அப்படியானால் இந்தக் கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதற்கும் அவசரப்பட வேண்டாம். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவருடைய குழுவினரும் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒளிந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குழந்தையை ஒரு பொம்மையோடு சிறிது நேரம் தனியே விட்டார்கள். பிறகு ஒரு கதையைச் சொல்லி, “பார்த்தாயா?” என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினாக்கியோவின் கதையும், ‘புலி வருது’ கதையைப் போன்ற ஓநாய்க் கதையும் கேட்ட குழந்தைகளிடம் மாற்றம் தெரியவில்லை. வாஷிங்டன் கதையைக் கேட்ட குழந்தைகள்தாம் அதிகமாக உண்மை பேசினார்கள். உண்மை சொன்னவனைத் தந்தை அணைத்துக்கொள்ளும் கதை அது. அச்சமூட்டும் கதையைவிட அணைக்கும் கதை வேலை செய்தது.

ஆக, கதைக்கு வலிமை உண்டு. வலிமையுள்ள ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் காந்தியடிகளை நினைத்துக்கொள்ளலாம். சிறுவயதில் தன்னை ஆழமாகத் தொட்டவை என்று இரண்டைச் ‘சத்திய சோதனை’யில் அவர் குறிப்பிடுகிறார். ஒன்று, பார்வையற்ற பெற்றோரைத் தோளில் சுமந்து செல்லும் சிரவணனின் கதை. அதை நாடக நூலாகப் படித்ததோடு, ஊர் ஊராகப் படம் காட்டி வருபவர்களிடம் படமாகவும் பார்த்தார். மற்றொன்று, அரிச்சந்திரன் நாடகம். அது அப்படியே நடந்த கதை என்று சிறுவன் மோகன்தாஸ் நம்பினான். அரிச்சந்திரன் வரலாற்று மனிதராக இருந்திருக்க முடியாது என்று வளர்ந்தபின் அவருடைய அறிவு சொல்லியது. ஆனாலும் இருவரும் தனக்கு உயிருள்ளவர்களாகவே இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். கதையைக் கதை என்று அறிந்துகொண்ட பின்பும் அதன் பயன் குறையவில்லை. நம் மாணவர்களிடமும் இந்த இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்கலாம்.

இரண்டு கெட்டில்கள்

இன்னொரு புகழ்பெற்ற கதை ஜேம்ஸ் வாட்டுடையது. அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது, நீராவி மூடியைத் தள்ளுகிறது, சிறுவன் வாட் கண்கொட்டாமல் பார்க்கிறான், நீராவி இயந்திரம் பிறக்கிறது. நான்கே படங்களில் சொல்லி முடித்துவிடலாம்.

கெட்டிலோடு விளையாடியதற்காக அத்தை கடிந்துகொண்டதாக ஓர் உறவினரின் நினைவுக்குறிப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுவன் பிறந்ததே 1736இல்தான். தாமஸ் நியூகோமனின் நீராவி இயந்திரம் 1712 முதலே சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராக இருந்த வாட்டிடம், நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. ஆண்டு 1763. அது ஏன் இவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கிக் குளிரவைப்பதால்தான் வெப்பம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கலாம் என்ற முடிவுக்கு 1765இல் வந்தார். காப்புரிமை கிடைத்தது 1769இல்.

உண்மையான வாட் வேறொருவர் செய்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார், கணக்கிட்டார், ஆண்டுக்கணக்கில் உழைத்தார். படக்கதையின் வாட் கெட்டிலைப் பார்த்தார், அவ்வளவுதான். அறிவியல் ஆசிரியருக்கு எந்த வாட் தேவை? கெட்டில் கதையை மட்டும் கேட்ட மாணவர், கண்டுபிடிப்பு என்பது சிறப்பான சிலருக்கு ஒரு கணத்தில் வருவது என்றே நினைப்பார். தனக்கு அந்தக் கணம் வரவில்லை என்றால் தான் அந்தச் சிலரில் ஒருவர் இல்லை என்றும் நினைப்பார்.

இரண்டாவது கெட்டில் காந்தியடிகளுடையது. உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் ஆய்வாளர் ஒருவர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அதில் ‘கெட்டில்’ என்ற சொல்லை மோகன்தாஸ் பிழையாக எழுதிவிட்டார். ஆசிரியர் பூட்ஸ் நுனியால் தொட்டு, பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி குறிப்புக் காட்டினார். ஆசிரியரே காப்பியடிக்கச் சொல்வார் என்பது அந்தப் பையனுக்குப் புரியவே இல்லை. மற்ற எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள், அவர் மட்டும் தவறு. இதை அவரே எழுதியிருக்கிறார். தான் சுமாரான மாணவன், கூச்ச சுபாவம் உள்ளவன், யாராவது பேசிவிடுவார்களோ என்று பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுபவன் என்பதையும் மறைக்கவில்லை.

முதல் கெட்டிலைக் காட்டினால் குழந்தை வியந்து பார்க்கும். இரண்டாவதைக் காட்டியபோது எங்கள் வகுப்பில் ஒரு பையன், “எனக்கும் அந்த மாதிரி ஒரு தடவை ஆயிருக்கு டீச்சர்” என்றான். பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

பிறவி மேதையா, தடுமாறிய பிள்ளையா?

இந்த வேறுபாட்டை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த சியாவ்டாங் லின்-சீக்லர் குழுவினர் 2016இல் வெளியிட்டது அது. நியூயார்க்கில் வருவாய் குறைந்த பகுதிகளிலுள்ள நான்கு பள்ளிகளில், 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் 402 பேர் பங்கேற்றனர். ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே ஆகிய மூவரைப் பற்றியும் எல்லாரும் படித்தார்கள். ஆனால் ஒரு குழுவுக்கு அவர்களுடைய சாதனைகள் மட்டும் சொல்லப்பட்டன. மற்றொரு குழு, ஆய்வில் அவர்கள் சந்தித்த தோல்விகளைப் படித்தது. மூன்றாம் குழு, வறுமை, புறக்கணிப்பு போன்ற வாழ்க்கைத் துன்பங்களைப் படித்தது.

தோல்வியையும் துன்பத்தையும் படித்த இரு குழுக்களின் அறிவியல் மதிப்பெண்கள், சாதனைகளை மட்டும் படித்த குழுவைவிட மேம்பட்டன. முன்பு குறைவாக மதிப்பெண் பெற்றுவந்தவர்களிடம் இந்தப் பயன் கூடுதலாகத் தெரிந்தது. சாதனைகளை மட்டும் படித்தவர்களின் மதிப்பெண்களோ முன்பைவிடச் சற்றுக் குறைந்தன. கதவோரச் சிறுமி சொன்னதைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊக்கம் தர வேண்டும் என்பதற்காகத் துன்பத்தையும் கற்பனையாகச் சேர்த்துவிடக் கூடாது. ஐன்ஸ்டீன் பள்ளியில் கணிதத்தில் தோற்றவர் என்று பேச்சாளர்கள் பலர் மேடைதோறும் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1935இல், இந்தச் செய்தியை அவரிடம் காட்டியபோது மறுத்துவிட்டார். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர் அவர். மாறாக, நம் ஊர் இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றது நடந்த உண்மை. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், பின்னர் சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். உண்மையான தடுமாற்றங்கள் வேண்டிய அளவுக்கு இருக்கும்போது கற்பனைத் தோல்விகள் எதற்கு?

நல்ல நூல்கள் என்ன செய்கின்றன?

எல்லா நூல்களும் சிறுவனைச் சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவராகக் காட்டுவதில்லை. மூன்று நூல்களைச் சான்றாகச் சொல்கிறேன்.

சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலின் சிறுவயது பற்றி பேட்ரிக் மெக்டானல் எழுதி வரைந்த ‘மீ... ஜேன்’ என்ற நூல் 2011இல் வந்தது. அதில் வரும் சிறுமி மேதையாக எதுவும் செய்வதில்லை. பொம்மைக் குரங்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள், மரமேறுகிறாள், கோழி எப்படி முட்டையிடுகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் ஒளிந்துகொள்கிறாள். நம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியது இது. கடைசிப் பக்கத்தில் ஓவியத்துக்குப் பதிலாக ஒரு நிழற்படம். வளர்ந்த ஜேன் ஒரு சிம்பன்சிக் குட்டியை நோக்கிக் கை நீட்டுகிறார். இது நடந்தது என்று அந்த நிழற்படமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது நூல், ஜாக்குலின் பிரிக்ஸ் மார்ட்டின் எழுதி, மேரி அசாரியன் மரக்கட்டை அச்சோவியங்கள் செய்த ‘ஸ்னோஃப்ளேக் பென்ட்லி’. சிறந்த படநூலுக்கான கால்டெகாட் பதக்கத்தை 1999இல் பெற்றது. அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் ஓர் உழவர் வீட்டுப் பையன் வில்சன் பென்ட்லி. பனித்துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறான். வரைந்து முடிப்பதற்குள் உருகிவிடுகின்றன. குளிர்காலம் குளிர்காலமாக இதே கதைதான். கேமரா கிடைத்த பின்பும் முதலில் எடுத்தவை எல்லாம் வீண். 1885 ஜனவரியில், 19 வயதில், பனித்துகளின் முதல் படம் சரியாக வந்தது. வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். எத்தனை முறை உருகிப்போனது என்பதையும் இந்த நூல் குழந்தைக்குச் சொல்கிறது.

மூன்றாவது, சென்னையிலிருந்து தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, டாக்டர் அம்பேத்கரைப் பற்றிய படநூல். எழுதியவர் சௌம்யா ராஜேந்திரன், ஓவியம் சாத்விக் கடே. ‘ஏன் என்று கேட்ட சிறுவன்’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். கேட்பதற்கு அந்தச் சிறுவனுக்குக் காரணங்கள் இருந்தன. வகுப்பில் உட்கார வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோக வேண்டும். பள்ளிக் குழாயை அவன் தொடக் கூடாது, பணியாளர் வந்து திறந்துவிட வேண்டும். பணியாளர் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1901இல் தந்தையைப் பார்க்கப் பயணம் போன பிள்ளைகளுக்கு வழியெல்லாம் தண்ணீர் மறுக்கப்பட்டது. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் பட்டினியாகக் கிடந்தார்கள். இவற்றைப் பின்னாளில் அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். அவர் எப்படி உயர்ந்தார் என்று சொல்லும்போதே, ஒரு சிறுவன் ஏன் தாகத்தோடு இருக்க நேர்ந்தது என்றும் குழந்தைகளைக் கேட்கவைக்கலாம். அந்தக் கேள்வி இல்லாமல் அவர் பெற்ற பட்டங்களை மட்டும் வரிசையாகச் சொன்னால் பாதிக் கதைதான்.

இந்த மூன்று நூல்களின் சிறுவர்களும் சிறுவர்களாகவே இருக்கிறார்கள். குழந்தை கையில் எடுத்துப்போக ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. சொல்வதற்குச் சான்றும் இருக்கிறது.

படமும் பேசுகிறது

எழுத்தைச் சரிபார்க்கும் நாம் படத்தைச் சரிபார்க்க மறந்துவிடுகிறோம். படிக்கத் தெரியாத குழந்தை முதலில் படிப்பது படத்தைத்தான். தலைவர்களை எப்போதும் பளிச்சென்ற நிறத்திலும், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடும், மற்றப் பிள்ளைகளை மங்கலாகவும் வரைந்த நூல்கள் நம் நூலகங்களில் இருக்கின்றன. உழைத்துக் கறுத்த முகமுள்ள பெற்றோரைக்கூட மாநிறமாக மாற்றிவிடும் ஓவியங்களும் உண்டு. எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமலே நிறத்தைப் பற்றி அங்கே ஒரு பாடம் நடந்துவிடுகிறது.

வாஷிங்டனின் வீட்டில் அடிமையாக இருந்த சமையற்காரர் ஹெர்குலிஸ், தன் மகளோடு சேர்ந்து அவருக்குப் பிறந்தநாள் கேக் செய்வதாக ஒரு படநூல் 2016 ஜனவரியில் வந்தது. படங்களில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அடிமை வாழ்வை மகிழ்ச்சியானதாகக் காட்டுகிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்து, அதே மாதத்தில் பதிப்பகமே நூலைத் திரும்பப் பெற்றது. உண்மையில் அந்த ஹெர்குலிஸ் 1797இல் தப்பிப் போய்விட்டார். ஓவியத்தில் இருந்த ஒரு சிரிப்பு வரலாற்றையே மாற்றிச் சொல்லியது.

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன்

நூலை வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் நான்கு கேள்விகளை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

1. இந்த நிகழ்ச்சி எப்படித் தெரியும்? அவரே எழுதியதா, உடனிருந்தவர் சொன்னதா, கதைசொல்லி சேர்த்ததா?

2. இந்தச் சிறுவனோ சிறுமியோ எங்காவது தவறு செய்கிறாரா, பயப்படுகிறாரா, விளையாடுகிறாரா?

3. உடன் இருந்தவர்கள் யார்? அம்மா, அண்ணன், அக்கா, ஆசிரியர், நண்பர்கள் படத்தில் இருக்கிறார்களா, அல்லது அவர் தனியாளாகவே வளர்ந்துவிட்டாரா?

4. என் வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு எதை எடுத்துச் செல்வார்?

நான்காவது கேள்விக்கு நல்ல பதில் இல்லையென்றால் நூலை ஒதுக்க வேண்டியதில்லை. படித்துக் காட்டும் முறையை மாற்றினால் போதும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1 முதல் 3ஆம் வகுப்பு வரை: எழுத்தைத் தாளால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். “இவங்க என்ன நினைக்கிறாங்க?”, “உனக்கு இப்படி நடந்திருக்கா?” என்ற இரண்டு கேள்விகள் போதும். பிள்ளைகள் பேசிய பிறகு எழுத்தைப் படியுங்கள். தாங்கள் சொன்னதும் நூல் சொல்வதும் எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களே சொல்வார்கள்.

4, 5ஆம் வகுப்பு: மூன்று நிறச் சுண்ணக்கட்டிகள் போதும். கதையின் நிகழ்ச்சிகளைக் கரும்பலகையில் எழுதி, அவரே சொன்னதை வெள்ளையிலும், மற்றவர் சொன்னதை மஞ்சளிலும், கதைசொல்லி சேர்த்திருக்கலாம் என்று தோன்றுவதை நீலத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு அப்துல் கலாம் ஏற்றவர். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனதும், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுக்க உறவினருக்கு உதவியதும், புளியங்கொட்டை பொறுக்கி விற்று ஓரணா சம்பாதித்ததும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொன்னவை. உரையாடல்களும் மேகத்தைப் பார்த்துக் கண்ட கனவுகளும் பெரும்பாலும் நீலக்கோடு பெறும். நீலம் என்றால் பொய் என்று பொருளல்ல, ‘இது கதையாக்கியது’ என்று பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஒரே ஆளுமை பற்றிய இரண்டு நூல்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது? பிறகு ‘விடுபட்ட பக்கம்’ ஒன்றை எழுதி வரையச் சொல்லுங்கள். அண்ணன் பள்ளிக்குப் போனபோது அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எங்கள் பள்ளியில் ஒரு குழு கேட்டது. அந்தப் பக்கத்தை வரையத் தகவல் தேடியபோதுதான், பல வரலாறுகளில் அக்காக்களின் பெயர்கூடக் கிடைப்பதில்லை என்பதைக் கண்டுகொண்டார்கள்.

9, 10ஆம் வகுப்பு: செர்ரி மரக் கதையை வரலாற்று ஆசிரியரும், கெட்டில் கதையை இயற்பியல் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். 1799, 1800, 1806 ஆகிய மூன்று ஆண்டுகளையும் மட்டும் பலகையில் எழுதி, “கதை எப்போது வந்தது? ஏன் அப்போது வந்தது?” என்று கேளுங்கள். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டுக்கு ஒரு தேசத்தந்தை எவ்வளவு தேவைப்பட்டார் என்ற இடத்துக்கு மாணவர்கள் தாமே வந்து சேர்வார்கள். முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்ற பாடம் இதைவிட எளிதாக நடக்காது.

படத்தின் ஓரத்தில் நிற்பவர்

இவ்வகை நூல்களை வரிசையாகப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட ஒவ்வொரு நூலிலும் படத்தின் ஓரத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறார். கோழிக்கூண்டில் மணிக்கணக்காக ஒளிந்திருந்த ஜேனை வீட்டார் தேடித் தவித்தார்கள். வைக்கோல் ஒட்டிய தலையோடு ஓடிவந்தவளைத் தாய் திட்டவில்லை, உட்கார்ந்து முட்டைக் கதை முழுவதையும் கேட்டார் என்று ஜேன் குடால் நினைவுகூர்ந்திருக்கிறார். பென்ட்லிக்கு நுண்ணோக்கியைக் கொடுத்தவர், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த அவனுடைய தாய்.

எல்லா ஓரங்களிலும் நல்லவர்களே நிற்பதில்லை. மோகன்தாஸின் பக்கத்தில் காப்பியடிக்கச் சொன்ன ஆசிரியர் நிற்கிறார். கலாமின் பக்கத்தில் இருவர் நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் முதல் வரிசையில் நண்பன் இராமநாத சாஸ்திரியோடு உட்கார்ந்திருந்த அவரை, இசுலாமியப் பிள்ளை என்பதால் கடைசி வரிசைக்கு அனுப்பிய புதிய ஆசிரியர் ஒருவர். வீட்டுக்கு அழைத்து உடனிருந்து சோறு பரிமாறிய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் மற்றொருவர். இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி அழைத்துக் கண்டித்தபின், முதல் ஆசிரியர் வருந்தித் திருந்தியதையும் கலாம் பதிவு செய்கிறார். அந்த ஆசிரியர்கள் யாரும் தாங்கள் ஒரு நூலுக்குள் போகப்போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அது அவர்களுக்கு இன்னொரு பள்ளி நாள்.

பாட்டியின் புத்தகம்

இறுதியாக, எங்கள் வகுப்பில் செய்த ஒரு செயல்பாடு. நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, இரண்டாக மடித்து, நடுவில் நூலால் தைத்தால் 16 பக்கப் புத்தகம் கிடைக்கும். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரின் சிறுவயதைக் கேட்டு அதில் எழுதி வரைய வேண்டும். ஒரே ஒரு விதி. ‘இது எப்படித் தெரியும்?’ என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கதவோரச் சிறுமி தன் பாட்டியை எழுதினாள். பாட்டி ஏழு வயதில் ஆடு மேய்த்தவர், பள்ளிக்குப் போனதில்லை. நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கற்று, முதன்முதலாகப் பேருந்துப் பலகையைத் தானே படித்து ஏறியவர். கடைசிப் பக்கத்தில், ‘பாட்டி சொன்னாங்க. டிரங்குப் பெட்டியில் அந்த அறிவொளிப் புத்தகம் இருக்கு. நான் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தாள். இதைவிட நேர்மையான சான்றுக் குறிப்பை நான் எந்த நூலிலும் பார்த்ததில்லை.

நான்காம் பக்கத்தில் ஒரு படம். பள்ளிச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமி, பின்னால் நான்கு ஆடுகள். உள்ளே இருந்து ஆசிரியர் ஒருவர் கையில் பிரம்போடு விரட்டுகிறார்.

“ஆட்டைத்தான விரட்டுறார்?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். பாட்டியத்தான்” என்றாள்.

அந்தப் புத்தகம் இப்போது எங்கள் வகுப்பு நூலகத்தில், தலைவர்களின் சிறுவயது நூல்கள் இருக்கும் கம்பியிலேயே தொங்குகிறது. பிள்ளைகள் அதிகம் எடுத்துப் படிப்பது அதைத்தான்.